பகா எண்ணா? முதலில் வர்க்கமூலத்தை எழுதுங்கள்

தேர்வு முடிவு வந்த சூடு ஆறுவதற்குள் எண்ணியல் பகுதியைப் பற்றி எழுதிவிடுகிறேன். காரணி, மடங்கு, பகா எண் கேள்விகளில் மதிப்பெண் போவது வகுக்கத் தெரியாததால் இல்லை. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யாமல் வகுக்கத் தொடங்குவதால்தான்.

397 பகா எண்ணா, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுமா? 20-இன் வர்க்கம் 400. ஆக 397-இன் வர்க்கமூலம் 20-க்குச் சற்றுக் கீழே. விடைத்தாள் ஓரத்தில் 19 என்று எழுதி வட்டம் போடுங்கள். அதன் பிறகுதான் வகுத்தல். 2, 3, 5 பார்வையிலேயே கழிந்துவிடும். மிஞ்சுவது 7, 11, 13, 17, 19. மீதி முறையே 5, 1, 7, 6, 17. எங்கும் 0 வரவில்லை, 397 பகா எண். ஐந்தே வகுத்தல்.

19-க்கு மேல் ஏன் போக வேண்டாம்? ஒரு எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுதினால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. பெருக்கினால் அந்த எண்ணையே தாண்டிவிடும். சிறிய காரணி இல்லையென்றால் பெரியதும் இல்லை.

இதில் சறுக்கும் இடங்கள்:

- 437. 17 வரை வகுத்து நிறுத்தினால் பகா எண் மாதிரியே தெரியும். எல்லை 20, 19-ஐயும் பார்த்தாக வேண்டும். 437 = 19 × 23.
- 289, 361. 17-இன் வர்க்கமும் 19-இன் வர்க்கமும். 'வர்க்கமூலம் வரை' என்றால் அந்த எண்ணையும் சேர்த்துத்தான்.
- 9, 15, 21-ஆல் வகுப்பது வீண். 3-ஆல் வகுபடாதது 9-ஆலும் வகுபடாது.
- 6-இன் மடங்குக்கு ஒன்று முன்னே பின்னே இருந்தால் பகா எண் என்று சிலர் குறித்துவிடுகிறார்கள். 3-ஐவிடப் பெரிய பகா எண்கள் அப்படித்தான் இருக்கும். ஆனால் 25, 35-உம் அப்படித்தான் இருக்கின்றன.
- 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை.

437-ஐ இன்னொரு வழியிலும் உடைக்கலாம். 21-இன் வர்க்கம் 441. அதிலிருந்து 4 குறைவு, 4 என்பது 2-இன் வர்க்கம். எனவே (21 − 2) × (21 + 2). ஓரத்தில் வர்க்கத்தை எழுதும் பழக்கம் இருந்தால் இது தானாகக் கண்ணில் படும். மனக்கணக்கில் எனக்கு நம்பிக்கையே கிடையாது, எழுதித்தான் பார்க்க வேண்டும்.

மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 100-க்குள் 2, 3, 5-ஆல் வகுபடாத பகு எண்கள் மூன்றே: 49, 77, 91. 100-க்கும் 200-க்கும் இடையே ஏழு: 119, 121, 133, 143, 161, 169, 187. இந்தப் பத்தும் தெரிந்தால் 200 வரை வகுக்கவே வேண்டாம். 51, 57, 87 மூன்றும் 3-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்.

காரணிகளைப் பட்டியலிடவும் அதே எல்லைதான். 72-க்கு 8 வரை போதும்: 1×72, 2×36, 3×24, 4×18, 6×12, 8×9. ஜோடியாக எழுதினால் எதுவும் விடுபடாது. எண்ணிக்கை மட்டும் கேட்டால் பகாக் காரணிப்படுத்தி, ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள். 72-இல் 2-இன் அடுக்கு 3, 3-இன் அடுக்கு 2; எனவே 4 × 3 = 12. எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் அது முழு வர்க்கம். சரியாக 3 காரணிகள் என்றால் ஒரு பகா எண்ணின் வர்க்கம்.

கொஞ்சம் கடினமாகக் கேட்பார்கள்: 360-இன் காரணிகளில் எத்தனை 6-இன் மடங்குகள்? 360-ஐ 6-ஆல் வகுத்தால் 60. 60-இன் காரணிகளை எண்ணினால் 12, அதுதான் விடை. பட்டியல் போட்டால் நேரம் போய்விடும்.

மடங்குகளில் ஒரே ஒரு இடம்தான் ஆபத்து. 105 முதல் 300 வரை 7-இன் மடங்குகள் எத்தனை? 300-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 42. கழிக்க வேண்டியது 105-இன் ஈவு 15 அல்ல, 104-இன் ஈவு 14. விடை 28. 27-உம் தெரிவுகளில் இருக்கும். 'முதல், வரை' என்றால் இரு முனையும் சேரும். '105-க்கும் 300-க்கும் இடையே' என்றால் 105 சேராது, அப்போது 27-தான் சரி.