கண்ணாடி நொசிலுக்குள் கம்பி விடாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது பாதி விளங்கிவிடும். அடியில் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினால் தகடு தகடாகக் கழரும் அந்தக் கல்சியம்தான் லாபிலும் எனக்கு வேலை வைக்கிறது. கேத்திலில் எவ்வளவு படிந்தாலும் தேத்தண்ணி போடலாம். தண்ணீரில் எந்த மூலகம் எவ்வளவு என்று அளக்கும் ஐசிபி மெசினின் நெபுலைசரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், அன்றைய வேலை அத்தோடு சரி.

நெபுலைசர், அதாவது நான் சொல்லும் நொசில், என்பது விரல் நீளக் கண்ணாடிக் குழாய். நடுவில் ஒரு மயிர்த்துளைக் குழாய் நுனிவரை ஓடும், சோதிக்க வந்த தண்ணீர் அதற்குள்ளால் வரும். அதைச் சுற்றியுள்ள இடைவெளியால் ஆர்கன் வாயு வரும். நுனியில் அந்த இடைவெளி தலைமயிரை விட ஒடுக்கம். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் வாயு அந்த ஒடுக்கத்தால் சீறும்போது தண்ணீர் மார்கழிப் புகார் போலச் சிதறும். அந்தப் புகார் பிளாஸ்மா என்ற மிகச் சூடான வாயுவுக்குள் போனால்தான் யாரோ ஒருவருடைய கிணற்றில் கல்சியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று சொல்லலாம்.

அடைப்பு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். ஒரே போத்தலை மூன்று தரம் வாசித்தால் மூன்றும் ஒத்துவராது. பிறகு எல்லா மூலகத்தின் வாசிப்பும் சேர்ந்து இறங்கும். வாயுப் பக்கம் அடைத்திருந்தால் அழுத்தம் ஏறும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒருநாள் அடைத்தபோது, ஒரு மெல்லிய செப்புக் கம்பியை எடுத்து நுனிக்குள் விட்டேன். பின்னால் நின்ற அண்ணை, "கம்பியைக் கீழ வையும் தங்கச்சி" என்று சொல்லி முடிக்கவில்லை, விளிம்பில் ஒரு பொட்டு உடைந்துவிட்டது. வில்லைக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் பிறை வடிவில் ஒரு சின்னக் குறை, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த நொசில் ஒருநாளும் நேராகச் சீறவில்லை, புதிது வரும்வரை கிழமைக்கணக்கில் போத்தல்கள் அடுக்கியபடியே கிடந்தன. ஒவ்வொரு போத்தலுக்குப் பின்னாலும் பதில் பார்த்துக்கொண்டு ஒரு வீடு இருந்தது, அதை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கும்.

அல்ட்ராசோனிக் தொட்டியும் வேண்டாம். அதிர்வில் உள்குழாயின் நுனி வெளிக்கண்ணாடியில் தட்டித் தட்டியே உடையும். ஐதரோபுளோரிக் அமிலம் கண்ணாடியையே கரைக்கும், அதன் பக்கமே போகவேண்டாம்.

நான் இப்போது செய்வது பொறுமையான வேலை. நொசிலைக் கழற்றி, நுனிப் பக்கமிருந்து பின்பக்கமாக, வந்த வழியாலேயே துகள் திரும்பிப் போகும்படி, சிறிஞ்சால் காய்ச்சி வடித்த நீரை மெதுவாகத் தள்ளுவேன், ஏனென்றால் முன்னுக்குத் தள்ளினால் துகள் இன்னும் ஒடுங்கிய இடத்தில் போய் இறுகிவிடும். அசையாவிட்டால் ஐதான நைத்திரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவிடுவேன். கல்சியம் காபனேற்று என்றால் நுனியிலிருந்து பொட்டுப் பொட்டாகக் குமிழி ஏறும், அதைப் பார்த்தாலே பாதி நிம்மதி. காலையில் மறுபடி நீரால் தள்ளிக் கழுவி, சுத்தமான வாயுவை விட்டு உலர்த்தி எடுப்பேன்.

இதையெல்லாம் விடப் பெரிய வேலை கிணற்றடியில் இருக்கிறது. சில குழாய்க்கிணற்றுத் தண்ணீர் எடுக்கும்போது தெளிவாக இருக்கும், பின்னேரம் லாபுக்கு வரும்போது செம்மஞ்சளாகிவிடும். நிலத்துக்குக் கீழே கரைந்து கிடந்த இரும்பு காற்றுப் பட்டு மண்டியாகிறது. அதை அப்படியே மெசினுக்கு விட்டால் அடைக்காமல் என்ன செய்யும்? கரைந்த மூலகங்களைப் பார்ப்பதென்றால் அங்கேயே 0.45 மைக்ரோன் வடியால் வடித்து, நைத்திரிக் அமிலம் விட்டு மூடவேண்டும். மாதிரி எடுக்கப் போகிறவர்களிடம் இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அப்புறம் கரண்ட். அது போய், தண்ணீரை நொசிலுக்குத் தள்ளும் பம்பி நின்றால் மயிர்த்துளைக்குள் நின்ற தண்ணீர் அங்கேயே காய்ந்து உப்பாகும். போன கிழமையும் வேலை நடுவில் போனது. மெசின் ஆறியதும் போன் வெளிச்சத்தில் நொசிலைக் கழற்றி, மூன்று சிறிஞ்சு நீர் விட்டுக் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் முதல் போத்தலின் மூன்று வாசிப்பும் ஒத்துவந்தன.