முதல் கட்டத்தில் எழுதிய எண்

"அண்ணே, அப்ப நேத்து வரைக்கும் தப்பா காட்டுனத எங்க எழுதறது?"

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்த ஷட்டவுனின் மூன்றாம் நாள் இரவு, பத்து மணிக்கு மேல், என்னிடம் வேலை பழகும் தம்பி இதைக் கேட்டான். "மொதல்ல டிரிம் பண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அந்த "அப்புறம்" இன்னும் வரவில்லை.

விஷயம் சின்னதுதான். நீராவிக் குழாயில் 0–10 பார் பிரஷர் டிரான்ஸ்மிட்டர், அழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் கருவி. 0 பாருக்கு 4 மில்லி ஆம்பியர், 10 பாருக்கு 20. கைப் பம்பில் அழுத்தம் ஏற்றி ஐந்து இடத்தில் பார்க்க வேண்டும்: 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர். அவனுக்கு 4.13, 8.13, 12.14 என்று வந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு மேலே. எங்கள் ஃபார்மில் அனுமதி அரை விழுக்காடு, அதாவது 16 மில்லி ஆம்பியர் வீச்சுக்கு 0.08. ஆக ஃபெயில். ஜீரோ டிரிம் செய்தான், அதாவது சுழியத்தைத் திருத்தி வைத்தான், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. திருத்திய பிறகு வந்ததை எழுதும் 'ஆஸ் லெஃப்ட்' கட்டம் சுத்தம்.

திருத்தும் முன் இருந்ததை எழுதும் 'ஆஸ் ஃபவுண்ட்' கட்டத்தில்தான் வினை. அங்கே 12.14 என்று எழுதினால் தரப் பிரிவுக்குத் தனி ரிப்போர்ட் போகும். போன கேலிபிரேஷன், அதாவது இதே அளவுச் சோதனை, ஆறு மாதத்துக்கு முன்னால். இடையில் ஓடிய தயாரிப்பு பேட்ச் எல்லாவற்றையும் புரட்டுவார்கள். காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட்-அப்.

"அதுலயும் பாஸ் வர்ற மாதிரி போட்டுரு" என்றேன்.

எந்த எண் என்று நான் சொல்லவில்லை. அவனாகவே எழுதினான்: 4.04, 8.05, 12.05, 16.06, 20.05. ஐந்துக்கும் ஒரே பிழையைப் போடாமல் கொஞ்சம் கலைத்து, நம்புகிற மாதிரி. பார்த்ததும் 'பையன் கெட்டிக்காரன்' என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் இப்போது உறுத்துகிறது.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தப் பிழை மொத்தம் 0.08 பார். பேட்சின் வெப்பத்தைப் பார்ப்பதும் கட்டுப்படுத்துவதும் தனியாக ஒரு பிடி100 வெப்ப உணரி. இந்த அழுத்தம் ஆப்பரேட்டர் கண்ணுக்கு மட்டும். பக்கத்தில் இருக்கும் முள் கேஜில் அவ்வளவு நுணுக்கம் தெரியவே தெரியாது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் கற்றுக்கொண்ட காலத்தில் என் சீனியரும் இப்படித்தான் சொன்னார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த டிரான்ஸ்மிட்டரில் தரப் பிரிவின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. யாரோ யோசித்துத்தானே ஒட்டியிருப்பார்கள். காட்டியது கூடுதல் என்றால் ஆறு மாதத்தில் எத்தனை நாளோ குழாயில் உண்மையில் இருந்தது குறைவு. அது பரவாயில்லை என்று முடிவு செய்ய நான் யார்? சரி, இத்தனை வருட அனுபவம் பிறகு எதற்கு? இரண்டு கேள்வியும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

பையன் எஸ்.எல்.டி.என். என்ற மலேசியத் தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் வந்தவன். 2005-இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி அது. 70 முதல் 80 விழுக்காடு தொழிற்சாலையில், மிச்சம்தான் வகுப்பறையில். அதாவது முக்கால்வாசிப் பாடம் எங்களைப் போன்றவர்கள் வாயிலிருந்து. வந்த முதல் வாரம் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் பின்புறத்தில் கோடு போட்டுக் காட்டினேன்: சுழியத்துக்கு ஏன் 4 மில்லி ஆம்பியர்? கம்பி அறுந்தால் 0 வரும். அழுத்தமே இல்லை என்பதும் சேதியே வரவில்லை என்பதும் வேறு வேறு. அன்றைக்கு நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். பையன் சட்டைப் பையிலிருந்து 555 புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டான். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே குட்டிப் புத்தகம். வால்வு எண், ஓடி (ஓவர்டைம்) மணி, அம்மாவுக்கு அனுப்பிய காசு, எல்லாம் அதற்குள்தான்.

அன்றிரவும் ஃபார்மை மூடிய பிறகு அதில் ஏதோ எழுதினான். நான் கேட்கவில்லை.

விடிந்ததும் பிறை ஊரில் வழக்கமான கடைக்குப் பசியாறப் போனோம். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தான். தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். நான்தான் ஓடி பணத்தைப் பற்றி என்னென்னவோ பேசினேன்.

இப்போது அவனுக்கு எஸ்.கே.எம். தொழில்திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை கையில். தனியாகவே செய்கிறான், நான் கையெழுத்துப் போடுகிறேன். போன மாதம் அதே டிரான்ஸ்மிட்டரின் ஃபார்மை நீட்டினான். 'ஆஸ் ஃபவுண்ட்': 4.02, 8.03, 12.02, 16.03, 20.03. இப்படி வரக்கூடாது என்றில்லை. நல்ல கருவி, ஆறு மாதத்தில் இவ்வளவு நகர்ந்தால் இயல்புதான். பேனாவைத் திறந்துவிட்டு அவன் சட்டைப் பையைப் பார்த்தேன்.

"அந்த 555-ல என்னதான்டா எழுதற?"

"கணக்குதாண்ணே" என்று சிரித்தான்.

கையெழுத்துப் போட்டேன்.