இரண்டு அங்குல வயரும் 21 மெகாஹெர்ட்ஸும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொட்டைமாடியில் டைபோல் என்ற கம்பி ஆன்டெனா ஒன்று, கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை. அவ்வளவுதான் என் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ ஸ்டேஷன். 2020-ல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, இரண்டு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களை, மாறி மாறி வேலை செய்யும்படி, புஷ்-புல்லாகப் போட்டு, ரேடியோவின் சிக்னலைப் பெரிதாக்கும் ஒரு லீனியர் ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். எல்இடி போர்டுகளுக்குப் போடும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையை 27 வோல்ட்டுக்கு ஏற்றி வைத்து, 40 மீட்டரில் 42 வாட், 20 மீட்டரில் 34 வாட். இந்த இரண்டு பேண்டுதான் (பேண்டு என்றால் அலைவரிசை, அலைநீளத்தால் பெயர்: 40 மீட்டர் என்பது 7 மெகாஹெர்ட்ஸ், 17 மீட்டர் 18, 15 மீட்டர் 21). மேலே போக அப்போது அவசியமும் இல்லை. சூரியப் புள்ளிகள் அடிமட்டத்தில் இருந்த காலம். 15 மீட்டருக்குத் திருப்பினால் வெறும் இரைச்சல்தான் வரும்.

இப்போது நிலைமை தலைகீழ். சூரியனின் 25-ஆம் சுழற்சி உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. சூரியன் இப்படிக் கொதிக்கும்போது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் 18, 21 மெகாஹெர்ட்ஸ் அலைகளையும் பூமிக்கே திருப்பி அனுப்பும். மத்தியானச் சாப்பாடு முடித்து ரேடியோவைப் போட்டால், 15 மீட்டரில் ஐரோப்பாக்காரர்கள் அடுத்த தெருவில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கிறார்கள். நான் லீனியர் இல்லாமல் ரேடியோவின் 4 வாட்டில் கூப்பிட்டால் மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட 11 வருடத்துக்கு ஒருமுறை வரும் சீசன் இது. அடுத்த உச்சத்துக்குள் எனக்கு அறுபது தாண்டிவிடும்.

சரி, இருக்கிற லீனியரிலேயே 17 மீட்டரையும் 15 மீட்டரையும் சேர்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு ஃபில்டர், இரண்டு ரிலே, ஒரு வார வேலை என்பது என் கணக்கு.

ஒரே ஃபில்டர் போதும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கீழ் அலைகளை விட்டு மேல் அலைகளைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர் 21.45 மெகாஹெர்ட்ஸ் வரை விட வேண்டும், 36.2-ஐ நிறுத்த வேண்டும். 17 மீட்டரின் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும் வேண்டாத அலை, அங்கேதான் விழுகிறது. இடையில் நிறைய இடம் இருப்பதால் 24 மெகாஹெர்ட்ஸில் வெட்டும் ஏழு உறுப்பு செபிஷெவ் ஃபில்டர் இரண்டு பேண்டுக்கும் பொருந்தும். கணக்குப் போட்டால் ஓரக் கெபாசிட்டர்கள் 157 பிகோஃபாரட், உள்ளே இருப்பவை 278, காயில்கள் 0.47, 0.52, 0.47 மைக்ரோஹென்றி. கடையில் கிடைக்கும் 150, 270 போட்டுக்கொண்டேன். வெட்டும் இடம் கொஞ்சம் மேலே ஏறும், பரவாயில்லை.

காயிலுக்கு டி68-6, அதாவது மஞ்சள் டோராய்டு (வளைய வடிவக் கோர்). கீழ் பேண்டுகளில் சிவப்பு வளையம் போட்டிருந்தேன். இந்த உயரத்துக்கு மஞ்சள்தான் சரி. எனாமல் வயரைத் தேடி எங்கும் அலையவில்லை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் 21 கேஜ் வயரை எடைக்கு நிறுத்துக் கொடுத்தார்கள். 10 சுற்று போட்டால் 0.47 கச்சிதமாக வருகிறது. நடுக் காயில்தான் படுத்தியது: 10 போட்டால் குறைகிறது, 11 போட்டால் 0.57. 11 போட்டுவிட்டு, நானோவிஎன்ஏ என்ற அளவுக் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டே ஐஸ்கிரீம் குச்சியால் சுற்றுகளை அகட்டி அகட்டி இறக்கினேன். புதிதாகச் சுற்றுபவர்களுக்கு ஒன்று: வயர் ஓட்டைக்குள் எத்தனை முறை நுழைகிறதோ அத்தனை சுற்று. வெளிப்பக்கம் எண்ணினால் ஒன்று தப்பும். நான் 2020-ல் எண்ணியது அப்படித்தான்.

ஃபில்டரைத் தனியாக அளந்தபோது கோடு அழகாக இறங்கியது. ரிலே போர்டில் ஏற்றியதும் தடுப்பு 30 டெசிபலோடு நின்றுவிட்டது. ஃபில்டரின் மேல் தப்பில்லை. உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் ஒரே பக்கம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. சிக்னல் ஃபில்டருக்குள் நுழையாமல் சுவரேறிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் காப்பர் கிளாட் துண்டு ஒன்றைச் சுவராக நிறுத்தி சோல்டர் செய்தேன். அடுத்தடுத்த டோராய்டுகளை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பினேன். பயன்படுத்தாத ஃபில்டரின் இரண்டு முனையும் ரிலே வழியாக எர்த்துக்குப் போகும்படி மாற்றினேன். அப்புறம் 50-ஐத் தாண்டியது.

சொன்னபடி ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது என்று ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடை மாட்டி 21.2-ல் பிடிடி (அனுப்பும் பட்டன்) அழுத்தினேன். 9 வாட்.

மறுபடி அழுத்தினேன். 9 வாட்தான்.

முதல் சந்தேகம் ஃபில்டர் மேல். கழற்றிவிட்டுப் பார்த்தாலும் அதே கதை. இரண்டாவது சந்தேகம் மாஸ்ஃபெட் மேல், அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஐஆர்எஃப்510 ரேடியோவுக்கென்று பிறந்ததே இல்லை, பவர் சப்ளை ஸ்விட்ச்சிங்குக்கு வந்தது. அதன் கால்கள் மூன்று: சிக்னல் நுழையும் கேட், வெளியேறும் டிரெயின், எர்த்துக்குப் போகும் சோர்ஸ். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் சுமார் 180 பிகோஃபாரட் உட்கார்ந்திருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அது 126 ஓம், 21-ல் 42 ஓம். டிரைவில், அதாவது ரேடியோ தரும் உள்ளீட்டில், பெரும்பங்கை அந்தக் கெபாசிட்டன்ஸே குடித்துவிடும். ஆனாலும் 42 வாட் 9 ஆக விழ இது மட்டும் போதாது.

நெய்வேலிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். வால்வு காலத்திலிருந்தே கட்டுகிறவர். அவருக்கு உள்பக்கப் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"தம்பி, டிரெயின்லேர்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு எவ்வளவு நீளம் வயர் போட்டிருக்கே?"

"ரெண்டு அங்குலம் இருக்கும் சார்."

"ஒவ்வொண்ணுமா?"

"ஆமா சார்."

"நாற்பது மீட்டர்ல அது வயரு. பதினஞ்சுல அது காயிலு. கணக்குப் போட்டுப் பாரு, அப்புறம் பேசு." வைத்துவிட்டார்.

போட்டுப் பார்த்தேன். ஓர் அங்குல வயருக்குத் தோராயமாக 20 நானோஹென்றி என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 80. 7 மெகாஹெர்ட்ஸில் 3.5 ஓம். 21-ல் 10.6 ஓம். என் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 2-க்கு 3 சுற்று, அதாவது மாஸ்ஃபெட்டுகள் பார்க்கும் லோடு 22 ஓம். அதில் பாதி அளவுக்கு இந்த நீல ஹூக்கப் வயரே குறுக்கே நின்றிருக்கிறது! ஐந்து வருடமாக அந்த வயரை நான் ஒரு பாகமாகவே நினைத்ததில்லை.

அது ஏன் அவ்வளவு நீளம் என்றால், புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதி நடைபாதையில் மலிவாகக் கிடைத்த ஹீட்சிங்க் அது. என்ன மெஷினிலிருந்து பிடுங்கியதோ, துடுப்புகள் நடுவரைக்கும் வந்து, போர்டு பக்கத்தில் உட்கார இடம் விடவில்லை. இப்போது இரும்பு அறுக்கும் பிளேடால் நான்கு துடுப்புகளை அறுத்து எறிந்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று. வீட்டில் எல்லோருக்கும் பல் கூசியது. போர்டை நெருக்கி வைத்து, செப்புத் தகட்டில் அரை அங்குல அகலப் பட்டை வெட்டி டிரெயினிலிருந்து நேராக டிரான்ஸ்ஃபார்மருக்கு சோல்டர் செய்தேன். சோர்ஸ் கால்களையும் ஒட்ட வெட்டி எர்த் செய்தேன். 17 வாட்.

அடுத்தது டிரைவ். ரேடியோவுக்கும் லீனியருக்கும் நடுவில் சிக்னலைக் குறைக்கும் 6 டெசிபல் பேட் ஒன்று நிரந்தரமாக இருந்தது: தரைக்கு இரண்டு 150 ஓம், குறுக்கே 37. அந்த 37 ஓமுக்கு இணையாக 220 பிகோஃபாரட் வைத்தேன். 7-ல் அது 100 ஓமுக்கு மேல், அவ்வளவாகத் தலையிடாது. 21-ல் 34 ஓம், பேடைத் தளர்த்திவிடும். கீழ் பேண்டில் கடிவாளம் இருக்கும், மேல் பேண்டில் அவிழும். ஒரு கெபாசிட்டரில் 23 வாட் வந்ததும் என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அது பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. டிரைவே கொடுக்காமல் பிடிடி அழுத்தினால் 200 மில்லியாம்ப் காட்ட வேண்டிய மீட்டர் 3 ஆம்பியருக்குத் தாவியது. கை ஸ்விட்ச்சுக்குப் போவதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. சுட்ட பிளாஸ்டிக்கும் ஈயமும் கலந்த வாசனை, ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. ஒரு மாஸ்ஃபெட் காலி. பேட் தளர்ந்ததும் ஆம்ப்ளிஃபயர் தானாகவே அலை எழுப்பும் ஆஸிலேட்டர் ஆகிவிட்டது. கேட் ரெசிஸ்டர்களை 4.7-லிருந்து 10 ஓமாக ஏற்றினேன். டிரெயினிலிருந்து கேட்டுக்கு 470 ஓம், 2 வாட் ரெசிஸ்டரோடு 0.1 மைக்ரோஃபாரட்டைத் தொடராக வைத்து நெகட்டிவ் ஃபீட்பேக் கொடுத்தேன். பவர் 21-க்கு இறங்கியது, ஆனால் மீட்டர் ஆடாமல் நின்றது. போன 2 வாட்டுக்காக நான் வருந்தவில்லை. மாஸ்ஃபெட்டின் முதுகு டிரெயினோடு சேர்ந்திருப்பதால், மாற்றும்போது மைக்கா இன்சுலேட்டரும் புஷ்ஷும் சரியாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கரன்ட் கொடுக்க வேண்டும். பதற்றத்தில் அதைத் தவறவிட இருந்தேன்.

கடைசியாக டிரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ், அதாவது ஒரு சுற்றிலிருந்து மறு சுற்றுக்குப் போய்ச் சேராத காந்தப்புலம். வெளிப்பக்கச் சுற்றுக்கு இணையாக 100 பிகோஃபாரட் வைத்தால் அது கொஞ்சம் சமன்படும். கையில் இருந்த பழுப்பு நிற டிஸ்க் செராமிக்கைப் போட்டேன். 28 வாட் வந்து, அரை நிமிடத்தில் 22-க்குச் சரிந்தது. தொட்டால் விரல் சுட்டது. அந்த இடத்தில் அரை ஆம்பியர் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) கரன்ட் ஓடுகிறது, அதை சாதா டிஸ்க் தாங்காது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் நண்பர் ஒருவரிடம் சொல்லி 500 வோல்ட் சில்வர் மைக்கா வரவழைத்தேன். இப்போது 21.2-ல் 27 வாட், 18.1-ல் 31. பழைய 40 மீட்டர் 38 ஆகக் குறைந்திருக்கிறது, அது ஃபீட்பேக்குக்குக் கொடுத்த விலை. டைனிஎஸ்ஏ என்ற ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டுப் பார்த்ததில் 36.2-ல் ஹார்மோனிக் 52 டெசிபல் கீழே.

ஆன்டெனாவில் மாட்டியதும் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் 3-க்கு மேல் போனது தனிக் கூத்து. டைபோல் மேல் குறையில்லை. மாடியில் இருந்த கனெக்டரைத் திறந்தால் உள்ளே பச்சைப் பாசிபோலக் களிம்பு. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து அடிக்கும் உப்புக்காற்றுக்கு எந்த டேப்பும் நிரந்தரமில்லை. நறுக்கிவிட்டுப் புதிது போட்டு, ரப்பர் டேப்பை இழுத்து ஒட்டினேன்.

முதல் நாள் சாயங்காலம் 15 மீட்டரில் இத்தாலிக்காரர் ஒருவர் இரண்டாவது கூப்பிடலிலேயே பதில் கொடுத்து 57, அதாவது தெளிவாகவே கேட்கிறது என்று, ரிப்போர்ட் சொன்னார். பிறகு கம்ப்யூட்டர் வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறைக்கு 21.074 போனேன். பதினைந்து விநாடிக்கு சுமார் 12.6 விநாடி விடாமல் அனுப்பும் முறை என்பதால் 15 வாட்டுக்கு இறக்கித்தான் ஓட்டுகிறேன். அப்படியும் ஹீட்சிங்க் நன்றாகவே சுடுகிறது, அறுத்து எறிந்த நான்கு துடுப்புகள் நினைவுக்கு வருகின்றன. சிறிய ஃபேன் ஒன்று வைத்திருக்கிறேன்.

பேராசையில் 28.4-லும் தட்டிப் பார்த்தேன், ஃபில்டர் இல்லாமல் டம்மி லோடில் மட்டும். 8 வாட். அதை இப்போதைக்குத் தொடுவதாக இல்லை. பெட்டிக்கு மேல்மூடிதான் பாக்கி. மூடி திருகினால் 21-ல் 3 வாட் குறைகிறது, திறந்தால் திரும்பி வருகிறது. நடு டோராய்டுக்கும் தகரத்துக்கும் இடைவெளி போதவில்லை என்று நினைக்கிறேன். அதுவரை மேலே ஒரு பழைய காலண்டர் அட்டைதான் மூடி.