துஷ்டி வீட்டில் எடுக்காத போட்டோக்கள்

"சேவைப் பணிகளின் புகைப்படங்கள், நாளிதழ்ச் செய்திகள் கட்டாயம் இணைக்கப்பட வேண்டும்." பரிந்துரைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது. எங்கள் பகுதிச் சேவைச் சங்கம் ஒன்று தன்னார்வலர்களுக்கு வருடந்தோறும் கொடுக்கும் விருதுக்கான படிவம் அது. நான் பரிந்துரைக்க நினைத்தவர் பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கும் மேலாக அவர் செய்துவருவது ஒரே வேலைதான். யாரோ தவறிவிட்டார்கள் என்று காதில் விழுந்ததும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அந்தத் துஷ்டி வீட்டுக்குப் போவார். கண்ணைத் தானமாகக் கொடுக்கிறீர்களா என்று கேட்பார். இந்த வேலைக்கு எங்கே போட்டோ இருக்கும்?

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், இறந்த அன்றுதான் அவரை முதன்முதலில் பார்த்தேன். வந்தவர் உடனே விஷயத்துக்கு வரவில்லை. பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் கைகொடுத்தார். வீட்டில் யார் சொன்னால் எடுபடும் என்று பார்த்துக்கொண்டார். பிறகு சின்ன மாமனாரைத் திண்ணை ஓரம் கூப்பிட்டு, "பெரியவரே, ஒண்ணு கேக்கணும். மனசுக்கு ஒப்பலன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று தொடங்கினார்.

"கண்ணு இல்லாம எப்படிய்யா அனுப்புறது? அடுத்த பிறவில குருடாப் பொறந்துட்டா?" என்றார் சின்ன மாமனார்.

அண்ணாச்சி வாதம் செய்யவில்லை. "முகத்துல ஒரு மாத்தமும் தெரியாது. குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கறதுக்கு முந்தியே முடிஞ்சிரும். நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க" என்றார். பதிலுக்குக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் எனக்கு இன்றும் பெரிதாகத் தெரிகிறது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆனாலும் அவர் ஒருதரம்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சின்ன மாமனார் உள்ளே போய்ப் பெண்களிடம் பேசிவிட்டு வந்து தலையசைத்ததும், மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு வைக்கச் சொன்னார். தலைக்கு அடியில் இரண்டு தலையணை. கருவிழி காய்ந்துவிடக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவும். அத்தைக்குச் சர்க்கரை இருந்தது, புரை ஆபரேஷனும் ஆகியிருந்தது. அதெல்லாம் தடையில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் சம்மதக் கடிதத்தில் வீட்டாரிடமும் சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்கினார்கள். கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அத்தையின் முகம் அப்படியே இருந்தது.

விருது விஷயத்தைச் சொன்னபோது அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவே இல்லை. "குடுத்தது அந்த வீட்டுக்காரங்க, டீச்சர். நான் கேக்கத்தான் செஞ்சேன்" என்பார் ஒவ்வொரு முறையும். கடைசியில் நான் சொன்ன காரணம் ஒன்றுதான் எடுபட்டது. "அண்ணாச்சி, மேடைல உங்களப் பார்த்தவங்க வீட்ல நாளைக்கு ஒரு துஷ்டின்னா, நீங்க போய்க் கேக்க வேண்டிய அவசியமே இருக்காது. அவங்களே கூப்பிடுவாங்க." கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப சரி" என்றார்.

அடுத்து ஆதாரம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண் தான இருவாரம். அந்த நாட்களில் பள்ளிகளுக்கு வந்து பேசுவார். மைக் பிடித்து நிற்கும் படங்கள் என் கைபேசியிலேயே இருந்தன. அவற்றை ஒட்டினால் படிவம் நிறைந்திருக்கும். ஆனால் நான் ஒட்டவில்லை. அவர் செய்யும் வேலை மேடையில் நடப்பது அல்ல. அதைக் காட்டாத படம் ஆதாரமாகாது என்று எனக்குப் பட்டது.

கண் வங்கிக்குப் போனேன். எந்த வீடு, யார் கண், யாருக்குப் பொருத்தினார்கள் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் தகவல் தந்தவர் யார் என்று பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள். அண்ணாச்சி மூலம் வருடவாரியாக எத்தனை ஜோடி கண்கள் வந்தன என்று மட்டும் கடிதம் தர முடியுமா என்று கேட்டேன். கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கையை அண்ணாச்சியே அதுவரை கேட்டுவைத்ததில்லை.

வீடுகளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. உதவியது ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுபவர். இறப்புச் செய்தி முதலில் போவது அவருக்குத்தான். பெட்டியை இறக்கும்போதே அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுவிடுவாராம். அவர் மூலமாகச் சில வீடுகளுக்குத் தகவல் சொல்லி, விருப்பம் இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். முறப்பநாட்டிலிருந்து ஒரு விவசாயி கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதி அனுப்பியது இது: "என் மகன் விபத்தில் போனான். அவர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. திட்டிவிட்டேன். போய்விட்டு மறுநாள் சுடுகாட்டில் காடாத்துச் சடங்குக்கும் வந்து ஓரமாக நின்றார். பிறகு என் மாமா இறந்தபோது நானே கூப்பிட்டேன்." சங்கங்கள் கேட்கும் பரிந்துரைக் கடிதம் வேறு மாதிரி இருக்கும். என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டிலேயே கனமான தாள் இதுதான்.

முகப்புக் கடிதத்தில், போட்டோ ஏன் இல்லை என்பதை முதல் பத்தியிலேயே எழுதினேன். இரண்டாவது பத்தியில், பார்வையும் கேட்கும் திறனும் இழந்த ஹெலன் கெல்லரைப் பற்றி எழுதினேன். 1925-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த அரிமா (லயன்ஸ்) சங்க மாநாட்டுக்குப் போய், பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டவர் அவர். கண் சம்பந்தமான வேலையைச் சேவைச் சங்கங்கள் தலைமேல் எடுத்துக்கொண்டதற்கு அந்த ஒரு கோரிக்கை பெரிய காரணம். அங்கேயும் நடந்தது கேட்பதுதானே!

தேர்வுக் குழுவில் விவாதம் நடந்தது. நிறைய நன்கொடை கொடுத்த ஒருவரின் பெயரும் பரிசீலனையில் இருந்தது. பணம் கொடுப்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த விருது நேரத்தையும் உழைப்பையும் கொடுத்தவர்களுக்கு என்று அவர்கள் படிவத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அந்த வரியை நான் வாசித்துக் காட்டினேன்.

அண்ணாச்சியை நேரில் கூப்பிட்டு, "உங்க சேவையில மறக்க முடியாதது எது?" என்று கேட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொன்னார். செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன அந்த நேரம். ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, அப்பா இறந்துட்டார், கண்ணை எடுத்துக்கோங்க என்று மகள் போன் செய்திருக்கிறாள். ரோடு இல்லை. வண்டி போக வழியே இல்லை. "ஈரப் பஞ்சு வச்சு, தலையணை வச்சு, நான் சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சிருந்துச்சு அந்தப் பிள்ளை. எங்களால போக முடியல. நேரம் தாண்டிப் போச்சுன்னு அதுக்கிட்ட நான்தான் சொன்னேன்." அதற்குப் பிறகு குழுவில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

விழா ஜூலையில், புதிய நிர்வாகிகள் பதவியேற்பு அன்று. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் தலைவர்கள் பேசி முடித்து, பாதிப் பேர் பந்திக்கு எழுந்த பிறகுதான் தன்னார்வலரைக் கூப்பிடுவார்கள். எத்தனையோ முறை பார்த்து மனம் வலித்திருக்கிறது. அதனால் முன்கூட்டியே போய், விருதை முதலில் கொடுங்கள், அவருக்கு மைக் கொடுங்கள் என்று கேட்டேன். எழுதிக் கொடுத்த குடும்பங்களை முன்வரிசையில் உட்கார வைக்கவும் சொன்னேன். பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார்கள். சில குடும்பங்கள் வரவில்லை, அதுவும் அவர்கள் இஷ்டம். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அண்ணாச்சி ஐந்து நிமிடம்தான் பேசினார். "கண் தானக் கார்டுல கையெழுத்து போட்டு பர்ஸ்ல வச்சுக்கிட்டாப் பத்தாது. வீட்ல சொல்லி வைங்க. அன்னைக்கு முடிவு சொல்லப் போறது அவங்கதான்." அன்று கண் தானப் படிவம் வாங்கிப்போனவர்களில் பலர் மனைவியையும் மக்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிரப்பினார்கள்.

இந்த வருடப் படிவத்தில், "புகைப்படம் எடுக்க இயலாத சேவையாயின், பயன்பெற்றோர் அல்லது நிறுவனத்தின் கடிதம் போதும்" என்று சேர்த்திருக்கிறார்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி நேரத்தில் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டித் தரும் ஓர் அக்கா இருக்கிறார். அவருக்காக ஆம்புலன்ஸ் டிரைவர்களிடம் கடிதம் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரத்த வங்கிக் கடிதம் கைக்கு வந்ததும் படிவத்தைக் கொடுத்துவிடுவேன்.