பெயரில்லாதவர்களோடு நான்கு நாள்

மே 3, சனி

கோல்டன் வீக் என்கிற இந்த மே மாதத் தொடர் விடுமுறையில் ஊருக்குப் போகவில்லை. டோக்கியோவில் நிஷி கசாய் வீட்டில் நாலு நாள் லீவு, கையில் ஒரு டிவிடி பெட்டி. எங்கள் டீமில் எல்லோருக்கும் மூத்தவரான பெண்மணி கொடுத்தது. 'டென்ஷா ஒட்டொகோ', அதாவது ரயில் மனிதன். 2005 ஜூலை 7 முதல் செப்டம்பர் 22 வரை ஃபூஜி டிவியில் வியாழன் இரவு 10 மணிக்கு வந்த 11 பாகத் தொடர். அந்தக் கோடையில் தனக்கு வியாழன் மட்டும் ஓவர்டைம் கிடையாது என்று அந்தப் பெண்மணி ஆபீஸில் சொல்லிவிட்டாராம்.

கதை ரயிலில் தொடங்குகிறது. டோக்கியோவில் மின்னணு, அனிமே கடைகள் நிறைந்த அகிஹபாராவே உலகம் என்று இருக்கிற, பெண்களிடம் பேசியே பழக்கமில்லாத சுயொஷி. பெட்டியில் ஒரு குடிகாரன் பெண்களிடம் வம்பு செய்கிறான். நடுங்கிக்கொண்டே இவன் எழுந்து நிற்கிறான். அந்தப் பெண்களில் ஒருத்தியான சஓரி நன்றி சொல்லித் தேநீர்க் கோப்பைகள் அனுப்புகிறாள். விலை உயர்ந்த பிரெஞ்சு எர்மெஸ் கோப்பைகள்! திரும்ப போன் செய்யலாமா, செய்தால் என்ன பேசுவது? கேட்க ஆளில்லாமல் இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்கிறான்.

சுயொஷியாக இதோ அட்சுஷி, சஓரியாக இதோ மிசகி. இருவர் பெயரிலும் 'இதோ' உண்டு, ஆனால் எழுதும் கான்ஜி, அதாவது சீன எழுத்து, வேறு. மிசகி அட்சுஷியைவிட நன்றாக உயரம். பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் சுயொஷி அண்ணாந்து பார்ப்பதே பாதி நடிப்பைச் செய்துவிடுகிறது.

மூன்று பாகம் முடிந்தது. தொடக்க அனிமேஷனை மட்டும் ஐந்து தடவை பார்த்தேன். அதில் வரும் பாட்டு எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ட்வைலைட்'. 1983-இல் ஒசாகாவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்காக மாணவ ரசிகர்கள் கையால் வரைந்த குறும்படத்தில் ஓடியதும் இதே பாட்டுதான். அந்தப் பையன்கள்தான் அப்புறம் கைனாக்ஸ் அனிமேஷன் ஸ்டுடியோ தொடங்கினார்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும்படி தொடரை எடுத்தவர்கள் அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்திருக்கிறார்கள். மெனக்கெட்டுச் செய்த இந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்தது.

மே 4, ஞாயிறு

ஏழாம் பாகம் வரை வந்துவிட்டேன். காலை பத்துக்கு உட்கார்ந்தவன், மதியம் தயிர்சாதத்துக்கு மட்டும் எழுந்தேன்.

காதலைவிட என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த அறைகள்தான். சுயொஷி ஒரு வரி எழுதியதும் வெவ்வேறு ஊர்களில் திரை வெளிச்சம் மட்டும் உள்ள அறைகள் வரிசையாக வருகின்றன. ரயில் பைத்தியம் ஒருவர், ராணுவப் பைத்தியம் ஒருவர், ஹன்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர் ஒருவர். நல்ல செய்தி வந்தால் எல்லோரும் சேர்ந்து "கிட்டாஆஆ!" என்று கத்துகிறார்கள். நம் "வந்துடுச்சுடா!"தான் அது.

தொடரில் அந்த இடத்துக்கு அலாதின் சானல் என்று பெயர். நிஜத்தில் அது 1999-இல் தொடங்கிய 2 சானல் என்ற இணைய உரையாடல் தளம். 2004 மார்ச் 14 அன்று ரயிலில் நடந்ததை ஒருவர் அங்கே எழுதினார். மணமாகாத ஆண்களுக்கான பகுதி. 'ஆண்கள் பின்னாலிருந்து சுடப்படும் திரி, மருத்துவப் படைவீரரைக் கூப்பிடுங்கள்' என்பது அந்த உரையாடல் திரியின் தலைப்பு. யாருக்காவது காதல் கைகூடினால் மற்றவர்களுக்குக் குண்டடி பட்ட மாதிரி என்பது அங்கே உள்ள விளையாட்டு. அப்படிப்பட்ட இடத்தில்தான் இரண்டு மாதம் கூடவே இருந்து ஒருவரைக் கரையேற்றினார்கள். எங்கே முடி வெட்டுவது, என்ன சட்டை போடுவது, முதல் விருந்துக்கு எந்தக் கடை என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள். "சாப்பாடு எங்கே, உதவுங்க" என்று அவர் தட்டிய வரியை இங்கே இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பதிவுகள் அதே ஆண்டு அக்டோபரில் ஷிஞ்சோஷா பதிப்பகத்தின் புத்தகமாக வந்தன. ஆசிரியர் பெயர் நகனோ ஹிதொரி. காதால் கேட்டால் 'உள்ளே இருப்பவர்களில் ஒருவர்'. 'ஹிதொரி'யை எழுதியிருக்கும் கான்ஜியைப் பார்த்தாலோ 'தனி ஆள்'. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தனி ஆளாகவும் கூட்டத்தில் ஒருவராகவும் ஒரே நேரத்தில் இருப்பதை ஒரு பெயருக்குள் வைத்துவிட்டார்கள்!

நான் டோக்கியோ வந்த முதல் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. ஒரு நிலநடுக்கத்துக்குப் பிறகு காஸ் நின்றுவிட்டது, வெந்நீர் இல்லை. அரைகுறை ஜப்பானிய மொழியில் இணையத்தில் கேட்டேன். இரவு ஒரு மணிக்குப் பதில் வந்தது. பலமாக ஆடினால் மீட்டர் தானே மூடிக்கொள்ளும், வாசலுக்கு வெளியே மீட்டரில் உள்ள மூடியைக் கழற்றி பொத்தானை அழுத்து, மூன்று நிமிடம் காத்திரு, சிவப்பு விளக்கு மினுக்குவது நிற்கும் என்று. எனக்காக எளிய எழுத்தில், படிப்படியாக. நன்றி சொல்லத் திரும்பிப் போனபோது அவர் பெயர் இருந்த இடத்தில் 'நனஷி சான்' என்றுதான் இருந்தது. பெயரில்லாதவர்.

மே 5, திங்கள்

எட்டாம் பாகம் மட்டும். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. சஓரியைச் சுற்றி வரும் இன்னொரு ஆணின் சூழ்ச்சிகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. சுயொஷியோடு வேலை பார்க்கும் மிசுஸு அவனை மிரட்டும் காட்சிகளும் அதிகம். ஆனால் தான் ஒரு ஒடாகு, அதாவது அனிமே மாதிரி ஒன்றிலேயே மூழ்கிக் கிடக்கும் தீவிர ரசிகன், என்பதை சுயொஷி மறைப்பது மனதைப் பிசைகிறது. சஓரிக்குப் பொய் ஆகாது.

எதற்கு மறைக்க வேண்டும் என்று இன்றைய டோக்கியோவில் கேட்கலாம். 'ஒடாகு' என்பது 'தங்கள் இல்லம்' என்று பொருள்படும் மரியாதைச் சொல். 'தாங்கள்' மாதிரி. ரசிகர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொண்டதைப் பார்த்து, 1983-இல் ஒரு பத்திரிகைப் பத்தியில் நகமொரி அகியோ அதையே அவர்களுக்குப் பெயராக வைத்தார், கேலியாக. 1989-இல் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டு, அவன் அறையில் குவிந்திருந்த வீடியோ கேசட்டுகளைச் செய்திகளில் காட்டியபோது அந்தச் சொல்லே பயமாக மாறியது. சுயொஷியின் கூச்சத்துக்குப் பின்னால் இத்தனை வருடங்கள் இருக்கின்றன. 2005-இல் ஒரு ஒடாகுவை நாயகனாக்கி நாடு முழுக்க அவனுக்காக ஏங்க வைத்தது சின்ன வேலை இல்லை.

மதியம் அகிஹபாரா போனேன். கயபச்சோவில் ஹிபியா லைன் மாறினால் மூன்றாவது நிறுத்தம். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2005 ஆகஸ்ட் 24-இல், சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் பாதை இங்கே வந்தது. கடைசிப் பாகத்துக்கு முந்தைய வாரம் யொதொபஷி என்ற பெரிய மின்னணுக் கடை திறந்தது. ஊர் மாறிக்கொண்டிருந்த நேரத்தைக் கேமரா பிடித்து வைத்திருக்கிறது. ரயில் பாலத்துக்குக் கீழே ரேடியோ சென்டரில் ஒரு தாத்தா சின்னச் சின்ன டப்பாக்களில் ஸ்விட்சுகளை அடுக்கி வைத்திருந்தார். போருக்குப் பிந்தைய ரேடியோ பாகக் கடைகளின் மிச்சம். ஒரு ஸ்விட்ச் வாங்கினேன், தேவை எதுவும் இல்லை.

மே 6, செவ்வாய்

முடிந்தது. கடைசிப் பாகத்தை அன்று டோக்கியோ வட்டாரத்தில் 25.5 சதவீத வீடுகளில் பார்த்தார்களாம். சுயொஷி காதலைச் சொல்லி முடிக்கிற நேரம் எனக்கே மூச்சு முட்டியது. ஆனால் அழுதது அங்கே இல்லை. அவன் திரிக்கு நன்றி சொல்லி விடைபெறுகிறான், அந்த அறைகள் மறுபடி ஒவ்வொன்றாக வருகின்றன. அங்கேதான்.

நிஜ ரயில் மனிதர் யாரென்று இன்றுவரை வெளியே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

நாளைக்கு ஆபீஸ். பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்தேன். இங்கே வாங்கியதை வெறுங்கையோடு திருப்பித் தரும் வழக்கம் இல்லை. அம்மா அனுப்பிய நீலகிரித் தேயிலையில் ஒரு பொட்டலத்தை அதோடு சேர்த்துப் பையில் போட்டிருக்கிறேன். பால் ஊற்றி எப்படிக் கொதிக்க வைப்பது என்று ஒரு சீட்டில் ஜப்பானிய மொழியில் எழுதி உள்ளே வைத்தேன். எளிய எழுத்தில், படிப்படியாக.