கெம்பஸ் போகும் மலையகத்துத் தம்பி தங்கைகளுக்கு

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்து, வெட்டுப்புள்ளியும் சரியாக அமைந்து, பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டால் தோட்டத்தில் அந்த வாரம் முழுக்க அதே பேச்சுத்தான். என்ன பாடம் எடுக்கலாம், யாருடைய நோட்ஸ் நல்லது என்று சொல்ல அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கிறார்கள். சிங்களப் பிள்ளைகளோடும், முஸ்லிம் பிள்ளைகளோடும், யாழ்ப்பாணம் மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்களோடும் எப்படிச் சேர்ந்து படிப்பது என்று யாரும் சொல்வதில்லை. நான் கலைப்பீடத்தில் படித்தவள். அங்கே கண்டதை வைத்து அதை மட்டும் எழுதுகிறேன்.

"நீங்க எல்லாம் கோட்டாவில வந்த ஆட்கள்தானே" என்று எந்த கெம்பஸிலும் யாராவது சொல்லக்கூடும். தலையைக் குனிய வேண்டாம். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு அகில இலங்கைத் தரப்படி எடுப்பது 40 வீதம்தான். 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அம்பாந்தோட்டையும் அநுராதபுரமும் மொனராகலையும்கூட இருக்கின்றன. கேலி செய்கிறவரே மாவட்டக் கணக்கில் வந்தவராக இருக்கலாம்.

சரி, படிப்புக்கு வருவோம். மருத்துவ, பொறியியல் பீடங்களில் எல்லோருக்கும் ஆங்கில மொழிமூலம் என்பதால் எப்படியும் ஒரே மண்டபத்தில் உட்கார வேண்டும். கலைப்பீடத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று பிரிகிறது. ஒரே பெச் (ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள்), ஒரே பாடம், ஆனால் விரிவுரை நடக்கும் நேரமும் அறையும் வேறு. நீங்களாக முயற்சி எடுக்காவிட்டால் பட்டமளிப்பு வரைக்கும் ஒரு சிங்கள நண்பர்கூட இல்லாமலே இருந்துவிடலாம். அதற்கு யாருடைய வெறுப்பும் தேவையில்லை, டைம்டேபிளே போதும்.

நான் கண்டதில் இதற்கு நல்ல வழி, 'குப்பி' என்று நாங்கள் சொல்லும் மாணவர் வகுப்புத்தான். பரீட்சை நெருங்கும்போது பாடம் விளங்கிய ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லா பெச்சிலும் நடக்கும். ஆனால் பெரும்பாலும் அவரவர் மொழியில், அவரவர் கூட்டத்துக்குள். புள்ளிவிபரவியல் மாதிரியான பாடத்துக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து குப்பி வைத்துப் பாருங்கள். பலகையில் கணக்குப் போடும்போது மொழி பாதிக்கு மேல் தேவைப்படாது. விளக்கம் ஆங்கிலத்தில் போகட்டும். இரு தரப்புக்கும் ஆங்கிலம் தடுமாறும் என்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். விளங்காத இடத்தில் பக்கத்தில் இருப்பவர் சிங்களத்தில் ஒரு வசனம், நீங்கள் தமிழில் ஒரு வசனம். எங்களுக்கு ஒரு ஹோல் (மாணவர் விடுதி) வாசிப்பறையில் இப்படித்தான் தொடங்கியது. பாஸ்ட் பேப்பர்களும் கைமாறின. வருடத்துக்கு ஒரு கலாசார இரவு வைத்து, முறைக்கு ஆடி, கைதட்டி, தனித்தனியாகக் கலைந்து போவதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழர்களுக்குள்ளேயே இருக்கும் விரிசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சை வைத்து "தோட்டக்காடு" என்று யாராவது இழுக்கலாம். இரண்டாம் வருடத்துக்குள் யாழ்ப்பாணப் பேச்சுக்கு மாறிவிடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் தேவையில்லாத வேலை. பேராசிரியர் சரச்சந்திர 1956 இல் மேடையேற்றிய 'மனமே' என்ற சிங்கள நாடகத்துக்கு எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. பேராதனையில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு ஆட வைத்தார். ஊர்ப்புற ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டது பட்டதாரிகளின் மேடைக்கு வந்தது அப்படித்தான். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடுகிற தோட்டத்திலிருந்து வந்தவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? தமிழ்ச் சங்கம் நிகழ்ச்சி கேட்டால் தப்பு மேளத்தோடு போய் நில்லுங்கள்.

பகிடிவதை (ராகிங்) வேறு விஷயம். "ஒன்றாகப் பழகத்தான்" என்று சொல்லிச் செய்வார்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். பொறுத்துக்கொண்டு நண்பராக வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம், ஏதாவது ஒரு குழுவில் உங்களைச் சேர்ப்பார்கள். அங்கே சின்ன வேலைகள்தான் கணக்கு. அறிவித்தலை மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் ஒட்டுங்கள். சிங்களம் இன்று, தமிழ் நாளை மறுநாள் என்றால் தமிழில் வாசிப்பவர் வருவதற்குள் இடங்கள் நிரம்பிவிடும். கூட்டத்தில் சிங்களம் விளங்காதவர் ஒருவர் இருந்தாலும் ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். சாப்பாட்டில் மரக்கறிக்குத் தனிக் கரண்டி, கோழி என்றால் ஹலால். நோன்பு மாதத்தில் பின்னேரக் கூட்டம் வைத்தால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் முடியுங்கள். வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டும்போது மூங்கில் சீவ ஆள் தேடுவார்கள். போய் உட்காருங்கள், அங்கே கற்கிற சிங்களம் எந்த வகுப்பிலும் வராது. பேராதனை கெம்பஸ் மலையில் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோயிலில் விசேஷம் என்றால் அவர்களையும் கூப்பிடுங்கள். மலை ஏற வேண்டுமே என்று முனகிக்கொண்டாவது வருவார்கள்.

சிங்களம் எழுதப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அரச வேலைக்குப் போனால் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டித்தான் ஆகவேண்டும். கெம்பஸில் இருக்கும்போது சொல்லித்தர அறைத்தோழி இருக்கிறாள். வேலைக்குப் போனபின் காசு கட்டி வகுப்புத் தேட வேண்டும்.