பாதாம் பருப்பளவு நினைவு

1984 அக்டோபர் 31, புதன்கிழமை. இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி கோபிசெட்டிபாளையத்தை அடுத்திருந்த எங்கள் பள்ளிக்கு எட்டியதும், பத்தாம் வகுப்பு மாணவர்களான எங்களைப் பாதிப் பாடத்திலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். சென்ற முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "சுட்டுட்டாங்க, லீவு விட்டாங்க" என்பதோடு ஆண்கள் நாங்கள் முடித்துக்கொண்டோம். பெண்களோ, கரும்பலகையில் இரண்டாம் அடி எழுதப்படாமல் நின்ற குறளையும், தடப்பள்ளி வாய்க்கால் கரையில் எங்களைக் கண்டு "என்னங்கண்ணு, இந்நேரத்துக்கே?" என்று வயலிலிருந்து கேட்ட குரலையும் எடுத்துச் சொன்னார்கள்.

எம்.ஆர்.ஐ. எந்திரத்தோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு உடனே நரம்பியல் ஆய்வாளர் லாரி காஹிலின் ஆய்வுகள் நினைவுக்கு வந்தன. மூளையின் இருபுறமும் பாதாம் பருப்பு வடிவில் அமைந்திருக்கும் அமிக்டலா, உள்ளத்தை உலுக்கும் நிகழ்ச்சிகளை நினைவில் ஆழப் பதியச் செய்யும் பகுதியாகும். உள்ளத்தை உலுக்கும் படங்களைக் காட்டியபோது, அவை பின்னர் எவ்வளவு நினைவில் நின்றன என்பதோடு ஆண்களில் வலப்புற அமிக்டலாவின் இயக்கமும் பெண்களில் இடப்புறத்ததும் தொடர்புற்றிருந்ததை அவர் குழு 2001இலும் 2004இலும் கண்டது. படபடப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்து, உள்ளத்தை உலுக்கும் ஒரு கதையைக் காட்டியபோது ஆண்களுக்கு அதன் சாரமும் பெண்களுக்கு நுணுக்கங்களுமே மங்கின என்று 2003இல் அவர்கள் எழுதியதைப் படித்தால், எங்கள் கூட்டத்தையே ஒளிந்திருந்து பார்த்தார்களோ என்று தோன்றும்.

ஆனால் இவை சிறு குழுக்களின் சராசரிகள். நரம்பியல் ஆய்வாளர் டாப்னா ஜோயலின் குழு 2015இல் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்து, பெரும்பாலான மூளைகள் ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் கூறுகளும் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் கூறுகளும் கலந்தவையே என்றது. ஆண்களின் அமிக்டலா பெரியது என்ற பழைய கூற்றும், மூளையின் மொத்த அளவைக் கணக்கில் எடுத்ததும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. வளர்ப்பின் பங்கை எந்தப் படத்திலும் தனியே பிரித்துக் காட்டிவிட முடியாது, "ஆம்பளப் பையன் அழுகலாமா?" என்று என் அமுச்சி (அம்மாவின் அம்மா) எனக்குச் சொன்னாரே தவிர, என் தங்கைக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட நுணுக்கமாகப் பேசியவன் ஓர் ஆண். அன்று பள்ளிப் புளியமரத்தடியில் தேம்பி அழுதவன் அவன். யார் சைக்கிளில் யார் ஏறிப் போனார்கள் என்பது வரை சொன்னான். அவன் அழுததைக் கேலி செய்தது நான்தான் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அது சுத்தமாக நினைவில்லை.